ஓர் இலை சரியில்லை

மதினி வருகிறாள் என்று தெரிந்தால் சாத்தூரில் சில வீடுகளில் முதல் வேலையாகக் குடையை எடுத்து ஒளித்து வைப்பார்கள். குடை தொங்கிக்கொண்டிருப்பது, சாவி மாட்டுவதற்காக மதினி அடித்துக் கொடுத்த இரும்புக் கிளியின் மூக்கில். ஈரக் குடையை அதில் பார்த்தாள் என்றால் தீர்ந்தது. காபியை நிதானமாகக் குடிப்பாள், பிள்ளைகள் படிப்பை விசாரிப்பாள், கிளம்பும்போது கிளியைச் சுவரிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள்.

"மதினி, அது நாங்க வாங்குனதுல்ல?"

"வாங்குனா? கட்டிக் குடுத்த எடத்துல பொண்ணு கண்ணக் கசக்கிக்கிட்டு நின்னா கூட்டிட்டு வர மாட்டாகளா? மூக்கெல்லாம் துரு ஏறிக் கெடக்கு. தீத்துத் தாரேன்."

திருப்பித் தந்துவிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. துருவைத் தேய்த்து, எண்ணெய் காட்டி, கிளி புதுப் பெண் மாதிரி திரும்பி வரும். ஆனால் இனிமேல் குடை மாட்ட மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் வாயால் சொன்னால்தான் ஆணியில் ஏறும். பெண் பிள்ளை இல்லாதவள் என்பதால் இரும்பையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுச் சீராட்டுகிறாள் என்று சந்தில் பேசிக்கொள்வோம். அவள் காதுபடவே பேசுவோம். அவளும் சிரிப்பாள்.

அவள் எனக்குச் சொந்த மதினி இல்லை. சாத்தூரில் நான் கிரில் பட்டறை போட்டிருந்த சந்தில் கடைசிப் பட்டறை அவர்களுடையது. அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியதால் அவள் மதினி ஆனாள். அவள் என்ன கேலி செய்தாலும் கொழுந்தன் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிற சட்டமும் அதோடு சேர்ந்து வந்தது.

எங்கள் சந்து முழுக்க உலோகம்தான். லேத் ஒன்று, என் வெல்டிங், எதிரே பித்தளைப் பட்டறை, முடிவில் மதினியின் கொல்லுப்பட்டறை. கொல்லுப்பட்டறை என்றால் அரிவாளும் மண்வெட்டியும்தானே? அதையும் அடித்தார்கள், சோறு அதில்தான் வந்தது. ஆனால் மதினிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பூவேலை. பழுத்த கம்பியை முறுக்கிக் கொடியாக ஓட விடுவாள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத் தட்டித் தட்டி மயிலின் கழுத்தாக வளைப்பாள். எதைச் செய்தாலும் எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு வேப்பிலை வந்து உட்கார்ந்துவிடும். கேட்டால் இருக்கன்குடி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். மாரியம்மன் இலை.

எங்கள் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் பெண்கள் சம்மட்டி அடிப்பது புதிதில்லை. ஆண் குறடு பிடித்துக் கொடுப்பான், பெண் ஓங்கி அடிப்பாள். இங்கே தலைகீழ். குறடும் சின்னச் சுத்தியலும் மதினி கையில். எங்கே அடி விழ வேண்டும் என்று அவள் ஒரு தட்டுத் தட்டிக் காட்ட, அதே இடத்தில் அண்ணன் சம்மட்டியை இறக்குவார். அண்ணன் பேசி நான் கேட்டது குறைவு. அவர் பங்குக்கும் சேர்த்து மதினியே பேசிவிடுவாள். இரும்போடும் பேசுவாள். "ஏலே, அங்கன எங்க போற? இங்கன வாலே!" என்று அவள் போடும் அதட்டலைக் கேட்டு, ரோட்டில் போகிறவர்கள் பாவம் புருஷனைத் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அண்ணன் அதையும் மறுத்ததில்லை.

நான் கிரில்காரன். அளவெடு, வெட்டு, ஒட்டு, பெயிண்ட் அடி, அடுத்த ஆர்டரைப் பார். இவ்வளவுதான் என் வேதம். வசதியான பார்ட்டி யாராவது வந்தால் மட்டும் கேட்டுக்கு நடுவில் மதினியின் மயில் ஒன்றை வைத்துக் கொடுப்பேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. மயிலுக்கு வெல்டு வைக்க அவள் விட மாட்டாள். நட்டுப் போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பாள். எதற்கு என்று எனக்கு உறைக்கவில்லை, சிவகாசியில் ஒரு பட்டாசு முதலாளியின் புது வீட்டுப் பால்காய்ச்சு நாள் வரும் வரைக்கும்.

மேளம் முழங்குகிறது. முதலாளி பட்டு வேட்டியில் வாசலில் நின்று கம்பெனிக்காரர்களையும் அச்சாபீஸ்காரர்களையும் வரவேற்கிறார். எனக்கு அந்தக் கேட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் மதினியைக் கவனித்தேன். புதுச்சேலை கட்டி, தலையைச் சாய்த்து, மயிலுக்கு முன்னால் நின்றாள்.

"கொழுந்தனாரே, ஒரு இலை சரியில்ல."

"மதினி, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். நாளைக்குப் பாப்போம்."

"ஒரு ஸ்பேனர் இருக்கா?"

"இல்ல."

"எங்கிட்ட இருக்கு."

விசேஷ வீட்டுக்கு வருகிறவள் இடுப்புச் சுருக்குப்பையில் ஸ்பேனர் கொண்டு வருவாள் என்று யார் கண்டது! முதலாளி வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா பண்றீக?" என்றார். அவர் குரலை உயர்த்தினால் கம்பெனியே நடுங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மதினி நட்டைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"வர்றவுக எல்லாம் மயிலத்தான் பாப்பாகய்யா. ஆனா மயிலு அந்த இலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கும். நெதமும் பாக்கும். அதுக்கு எம்புட்டு உறுத்தும்?"

முதலாளி மயிலையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நடுவில் ஓட்டையோடு நின்ற கேட்டைத் தாண்டி வந்த அத்தனை பேரும் அன்றைக்கு என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. மயில் திரும்பி வந்ததும் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தேன். முன்னே இருந்ததற்கும் இதற்கும் எள்ளளவு வித்தியாசம் தெரியவில்லை.

"என்னத்தத் திருத்துனீக மதினி?"

"ஒங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? ஒங்க கண்ணுக்கு ஸ்கேல் வச்சாத்தான தெரியும்."

நான் விருதுநகருக்குப் பட்டறையை மாற்றி வருஷங்கள் ஓடிவிட்டன. மதினியும் அண்ணனும் மகனோடு ஓசூர்ப் பக்கம் போய், அங்கேயும் ஓர் உலையை மூட்டிவிட்டார்களாம். இன்றைக்கும் கேட்டில் ஏதாவது பூவேலை வைத்தால் நான் நட்டுப் போட்டுத்தான் மாட்டுகிறேன். வெல்டு வைக்கக் கை போனால், "கழட்டணும்னா என்னலே செய்வ?" என்று ஓர் அதட்டல் காதில் விழுகிறது.

மதினிக்குச் சந்தில் ஒரே ஒருவரோடுதான் ஆகாது. எதிரே இருந்த பித்தளைக்கார அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்புச் சாமான் போகக்கூடாது. உரசினால் பொறி வரும், பொறி வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் வெடிமருந்து அள்ளும் கரண்டி, திரி வெட்டும் கத்தி என்று கம்பெனிச் சாமான்களை அண்ணாச்சி பித்தளையில் செய்து கொடுப்பார். நல்ல மனிதர். ஆனால் ஓர் ஆயுத பூஜையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சந்துக்கு ஒரே பூஜைதான் போடுவோம். தன் கரண்டிகளைப் புளி போட்டு விளக்கி நடுவில் அடுக்கிவிட்டு, "இரும்ப எல்லாம் ஓரமா வைங்கப்பா, கரி ஒட்டுது" என்று சொல்லிவிட்டார்.

மதினி விட்டாளா?

"பொறி பறக்காததெல்லாம் ஒரு உலோகமா? அடிச்சா கோவம் வர வேணாம்? செவந்து நாலு பொறி கக்க வேணாம்? சூடு சொரணை இல்லாதத நடுவுல வச்சு, ரோசக்காரன ஓரத்துல வைக்கவா?"

அதோடு பேச்சு நின்றது. எதிரெதிரே நின்றுகொண்டு, "அந்தாள்ட்டச் சொல்லுங்க, தண்ணிக் கொளாய மூடச் சொல்லி" என்று என் மூலமாகப் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு போஸ்டாபீஸ்.

இனி முத்துமாரி கதைக்கு வருகிறேன். மதினியை நினைத்தால் அதில்தான் போய் நிற்கிறது மனது.

என் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த பையனின் மனைவி முத்துமாரி. கல்யாணமாகி இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. ஒரு பங்குனி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு நடந்து போய்க் கும்பிட்டுவிட்டு, புருஷனுக்குச் சோறு கொண்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மதினி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள் கண் முன்னாலேயே ஒரு காப்பு அடித்தாள். குண்டுக் கம்பியில் கனமான காப்பு, மேலே வேப்பிலைக் கொடி சுற்றி ஓடும். ஆறியதும் எண்ணெய் தொட்டு அவள் மணிக்கட்டில் ஏற்றி நெருக்கினாள்.

"இரும்பு இருக்கிற எடத்துல காத்து கருப்பு அண்டாது. கழட்டாத தாயி."

அடுத்த சில மாதத்தில் முத்துமாரி முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை தங்கியது. மூன்று தாண்டியது, நான்கு தாண்டியது. காப்பைக் கழற்றி அவள் குளித்ததுகூட இல்லை. மதினி அவள் ஊருக்கே போய்க் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வருவாள். காப்பைப் பார்க்கிறாளா நாடியைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியாது.

தீபாவளி சீசன் சூடு பிடித்த சமயம். ஒரு நாள் காலை டீ குடிக்கும்போது மதினி உலையில் கம்பியைச் சொருகிவிட்டு வந்து, பெயிண்ட் பையனிடம் "எப்பிடி இருக்காடா ஒன் பொண்டாட்டி? நாளைக்கு வந்து காப்பப் பாக்கணும்" என்றாள்.

"வீட்டுல இருக்க மாட்டா அத்தை. இந்த வாரந்தான் கம்பெனிக்குப் போக ஆரம்பிச்சா. ஏழாயிரம்பண்ணைப் பக்கம். வேன் வந்து கூட்டிட்டுப் போகுது. மருந்து செலுத்துற ரூம்ல வேலை."

"காப்பு?"

"அது இல்லாம போவாளா? கேட்டுல செக் பண்ணுவாகன்னு, கையில புண்ணுன்னு சொல்லி மேல துணி சுத்திக்கிட்டுப் போறா. நீங்கதான கழட்டாதன்னு சொன்னீக!"

தன் மனைவியின் சாமர்த்தியத்தைச் சொல்லிவிட்டு அவன் பெருமையாகச் சிரித்தான். மதினி சிரிக்கவில்லை. நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மருந்து ரூம், கரண்டியைக்கூட அங்கே பித்தளையில் வைத்திருக்கிறார்கள், இவள் கையில் இரும்பு. ஓர் உரசல் போதும். அவளும் வயிற்றில் இருப்பதும் மட்டுமா, அந்த அறையில் எத்தனை பேரோ.

உலையில் கம்பி வெந்து எரிய ஆரம்பித்துப் பொறி கக்கியது. மதினி உலையில் இரும்பை மறந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அண்ணன்தான் ஓடிப் போய் இழுத்துப் போட்டார். "போ. சீக்கிரம் போ" என்றார். அவரே பேசிவிட்டார்.

போன் செய்யலாம் என்றால் முத்துமாரியின் போன் வீட்டில் கிடந்தது, கம்பெனிக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள். ஆபீஸ் நம்பர் பையனுக்குத் தெரியவில்லை. விஷயம் புரிந்ததும் அவன் ரோட்டுக்கும் பட்டறைக்குமாக ஓட ஆரம்பித்துவிட்டான், அவனை நம்பி வண்டியைக் கொடுக்க முடியாது. நான் பைக்கை எடுத்தேன், மதினி பின்னால் ஏறினாள்.

"கேட்டுல நின்னு ஒரே கத்து கத்துறேன் பாருங்க. படிச்ச புள்ளதான அவ? அறிவு வேணாம்?"

"கத்துனா அவ வேலை அப்பவே போயிரும்."

"போனாப் போகுது! உசுரு பெருசா வேலை பெருசா?"

"மொதல்ல நான் கேக்குறேன். அவ குடுக்கலைன்னா நீங்க கத்துங்க. நானும் சேந்து கத்துறேன்."

வழி நெடுக அவளுடைய ஸ்பேனர் பை என் முதுகில் டங்கு டங்கென்று இடித்துக்கொண்டே வந்தது. காய்ந்த காட்டுக்கு நடுவில் தள்ளித் தள்ளி நிற்கும் கம்பெனி அறைகள் தெரிய ஆரம்பித்ததும் எனக்கு வானத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எங்காவது புகை தெரிகிறதா என்று கண் தானாகப் போகிறது. தெரியவில்லை. தெரியாத வரைக்கும் சரி.

கேட் வாட்ச்மேனுக்கு மதினியைத் தெரிந்திருந்தது. அவர் வீட்டு வாசலில் தொங்கிய மணியை ஒரு தடவை கழற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

"என்னக்கா, இங்கயுமா? இங்க ஒங்க சாமான் ஒண்ணும் கெடையாதே!"

"முத்துமாரின்னு ஒரு புள்ள. கூப்புடு."

"பைய அங்கனயே வச்சுட்டு வாங்க. அதுல என்னென்ன கெடக்கோ!"

மதினி பையைத் தூரத்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றாள். ஆள் போய்ச் சொல்ல, முத்துமாரி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். யாருக்கு என்ன ஆயிற்றோ என்கிற பயம் முகத்தில். மணிக்கட்டில் கிழிந்த சேலைத் துணி சுற்றியிருந்தது. மதினி அவளை மரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தி, வாட்ச்மேன் பார்வைக்குக் குறுக்கே நின்றாள்.

"காப்புல ஒரு இலை சரியில்லடி. கழட்டு, திருத்தித் தாரேன்."

முத்துமாரி மூச்சை விட்டாள். சிரித்தேவிட்டாள்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக அத்தை? ஞாயித்துக்கெளமை நானே கொண்டாந்திருப்பேனே!"

"எனக்கு உறுத்துச்சுன்னா உறுத்துச்சுதான்."

வேறு யார் வந்து என்ன காரணம் சொல்லிக் கேட்டிருந்தாலும் அவள் கழற்றியிருக்க மாட்டாள். மதினி கேட்டதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் வரவில்லை. சாத்தூருக்கே தெரிந்த கிறுக்குத்தானே! துணியை அவிழ்த்து, காப்பை விரித்துக் கழற்றி, மதினி கையில் வைத்தாள். வைத்த பிறகு வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அது இல்லாம உள்ள போகப் பயமா இருக்கு அத்தை."

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிப்பானேன். சேர்ந்து கத்துகிறேன் என்று வந்தவன் வண்டிக் கண்ணாடியைத் துடைப்பது மாதிரி திரும்பிக்கொண்டேன். மதினி கையை நீட்டி ஒரு வேப்பங்கொழுந்தைக் கிள்ளி அவள் கொண்டையில் சொருகினாள்.

"இதுல எந்த எலையும் கோணல் இல்ல. ஆத்தா செஞ்சது. பயப்படாமப் போ."

திரும்பும் வழியில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, காப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள்.

"காவலுன்னு சொல்லிக் குடுத்தேனே கொழுந்தனாரே. புள்ளைக்கு எமன இல்ல கையில மாட்டி விட்டுருக்கேன்."

"நீங்க என்ன கண்டீக மதினி? அவ கம்பெனிக்குப் போவான்னு தெரியுமா?"

அவள் காதில் அது ஏறவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "பொய்யும் சொல்லிட்டேன்" என்றாள். "நான் செஞ்சதுலயே இந்தக் காப்பு ஒண்ணுலதான் எல்லா இலையும் சரியா இருந்துச்சு."

சந்துக்கு வந்ததும் அவள் தன் பட்டறைக்குப் போகவில்லை. நேரே பித்தளைப் பட்டறைக்குள் நுழைந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணாச்சி கரண்டிக் காம்பைத் தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"ஒங்க பித்தளையில பொறி வராதுல்ல?"

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "இங்கயே வந்து சொல்லிக் காட்டணுமாக்கும்? அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னது பத்தாதா?"

"கோவப்படாதீக அண்ணாச்சி. வராதுல்ல? சத்தியமா வராதுல்ல?"

அப்போதுதான் அவர் அவள் கண்ணைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார்.

"வராது மதினி. எம்புட்டு அடிச்சாலும் வராது. உக்காருங்க."

அன்று சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் போட்ட சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. மதினி பழக்கதோஷத்தில் பித்தளைக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ஓங்கித் தட்டிவிட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது. "இது ஒங்க இரும்பு இல்ல தாயி! சூட்டுல அடிச்சா நொறுங்கிரும். காய்ச்சி, ஆற விட்டு, அப்புறம் மெள்ளத் தட்டணும்" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். மரச் சுத்தியலை அவள் கையில் கொடுத்தார். "இதென்ன, தாலாட்டுற மாதிரி இருக்கு" என்று அவள் முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள். இருட்டுவதற்குள் வேப்பிலைக் கொடி சுற்றிய பித்தளைக் காப்பு ஒன்று தயாராகிவிட்டது. அண்ணாச்சி அதைப் புளி போட்டு விளக்கித் தந்தார்.

அதோடேயே முத்துமாரி வீட்டுக்குப் போனோம். கம்பெனி வேனை விட்டு அவள் அப்போதுதான் இறங்கியிருந்தாள். கொண்டையில் வேப்பங்கொழுந்து வாடித் தொங்கியது. மதினி நடந்ததைச் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. முத்துமாரி பித்தளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இரும்பு மாதிரி இது காக்குமா அத்தை?"

"அங்க இதுதான் காக்கும். அங்க இரும்பு ஆகாது. நான் சொல்றேன், இரும்படிக்கிறவ நான் சொல்றேன்."

இதை அவள் வாயால் சொல்வாள் என்று நான் கனவில்கூட நினைத்ததில்லை. முத்துமாரி கையை நீட்டினாள். பிறகு, "அந்தக் காப்ப என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"தொட்டிலுக்குக் கொக்கியா அடிச்சு வைக்கிறேன். ஒன் வீட்டுக்கு அதுதான் காவல்."

முத்துமாரியின் மாமியார் அடுப்படியிலிருந்து பதறிக்கொண்டு வந்தாள். "வாயக் களுவுங்க! புள்ள பொறக்கிறதுக்கு முந்தித் தொட்டில் பேச்சு எடுப்பாகளா? அதும் இந்த வீட்டுல?" மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் மறுநாளே கொக்கியை அடித்துவிட்டாள். எண்ணெய்த் துணியில் சுற்றி, தன் பட்டறையில் மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள். சீசன் முடிந்தது, பொங்கல் வந்தது, தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உலையை மூட்டினாள். பிரித்துப் பார்க்கவே இல்லை. பிரித்தால் என்ன ஆகுமோ என்று அவளுக்கும் பயம் இருந்திருக்கும்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். தொட்டில் போடும் நாளுக்குப் பையன் வந்து கொக்கியைத் துணியோடு வாங்கிக்கொண்டு போனான்.

மதினி எத்தனை நாள் பொறுப்பாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்த் துணியோடும் ஸ்பேனர் பையோடும் கிளம்பிவிட்டாள். என் வண்டி ரிப்பேர், இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். உத்திரத்தில் கயிறு கட்டி, அதில் கொக்கி தொங்கியது. கொக்கியில் முத்துமாரியின் கல்யாணச் சேலை. சேலைக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கூலி வேலைக்காரியின் பிள்ளைக்கு என்ன நிறம், என்ன முடி!

மதினி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு வழக்கம் போலத் தலையைச் சாய்த்து மேலே கொக்கியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்போது எனக்கே தெரிந்துவிட்டது. ஸ்கேல் வைக்காமலே தெரிந்தது. காப்பை நிமிர்த்திக் கொக்கியாக வளைத்ததில் நுனி இலை ஒன்று நன்றாகவே திரும்பிக்கொண்டு நின்றது. என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே கோணல் இலை அதுதான்.

அவள் தலை சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பையன் போய் ஸ்டூலை எடுத்து வந்து போட்டான். முத்துமாரி பித்தளைக் காப்புக் கையால் பிள்ளையைத் தூக்குவதற்குக் குனிந்தாள்.

"தூக்காத!" என்றாள் மதினி. "தூங்குற புள்ளைய எதுக்கு எளுப்புற?"

ஸ்டூலில் தானே உட்கார்ந்துகொண்டாள். தொட்டில் சேலையைப் பிடித்து மெள்ள ஆட்டினாள். பிள்ளை சிணுங்கி, வாயைச் சப்புக்கொட்டிவிட்டு, மறுபடி தூங்கியது. மதினி ஆட்டிக்கொண்டே இருந்தாள். முத்துமாரி காபி கொண்டு வந்து கொடுத்து, அது ஆறி, வேறு காபி வந்து, அதுவும் ஆறியது. எண்ணெய்த் துணி அவள் மடியில் மடித்தபடியே இருந்தது.

"கெளம்புங்க கொழுந்தனாரே, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கடைசியில் எழுந்தாள். பையில் புதிதாக எதுவும் ஏறவில்லை.

தெருமுனை வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். எனக்கு முடியவில்லை.

"மதினி, அந்த இலை..."

"எந்த இலை?" என்றாள்.